பதில் எழுதாத வரி

ஸ்ரீரங்கம்
16.6.2024

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம் என்று இந்த முறை பொய்யில்லாமல் எழுத முடிகிறது. அவரும் சுகம். கண்ணாடிக் கடைக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். நீ எப்படி இருக்கிறாய்? பச்சைமலையில் மழை ஆரம்பித்துவிட்டதா?

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் பள்ளிக்கூடத்தில் சிக்னல் வேண்டுமென்றால் நீ பாறைமேல் ஏறி நிற்க வேண்டும், அப்படியும் பாதிப் பேச்சில் அறுந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று, எனக்குப் போனே பிடிக்காமல் போய்விட்டது. என் குரலைக் கேட்டதும் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிறார்கள். இவளுக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று அளக்கிற மாதிரி இருக்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசி ரேடியேஷன் போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. நவம்பரில் ஆபரேஷன், அப்புறம் எட்டு கீமோ, இப்போது இருபத்தைந்து நாள் ரேடியேஷன். இனி தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரிவியூ, அவ்வளவுதான்.

ஒரு நல்ல சேதி. நாக்கு திரும்பி வந்துவிட்டது. ஆறு மாதமாக எதைத் தின்றாலும் இரும்புச் சாவியைச் சப்புகிற மாதிரி இருந்தது. வியாழக்கிழமை அவர் வைத்த தக்காளி ரசத்தை வாயில் வைத்தேன். "ஏங்க, உப்பு ஜாஸ்தி" என்றேன். மனுஷன் கரண்டியை வைத்துவிட்டு அழுதார். உப்பு ஜாஸ்தியான அந்த ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

டாக்டர் ஜீனத் ஒன்று சொன்னார். "உங்க அம்மாவுக்கும் இதே வியாதி, உங்களுக்கும் வந்திருக்கு. தங்கச்சியை ஒரு தடவை வந்து மேமோகிராம் எடுத்துக்கச் சொல்லுங்க. தள்ளிப்போடக் கூடாது." அரை மணி நேர வேலைதான். எந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று எழுது. ஆபரேஷனுக்கு வந்து மூன்று நாள் இருந்தாய், அதற்கப்புறம் வரவே இல்லை. பஸ் கஷ்டம் எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.
பிரேமலதா


பச்சைமலை
6.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. தலைமையாசிரியர் பிரிட்டோ சார் தபாலைக் கையில் கொடுத்தபோது உன் எழுத்தைப் பார்த்து ஒரு கணம் பயந்துவிட்டேன். பிரித்துப் படித்த பிறகு நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரசக் கதையைச் சொன்னேன். மாமா அழுத இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே நல்ல மழை. சாமை விதைக்கிற சமயம், அதனால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. விடுதியில் தங்கியிருக்கிறதுகளை மட்டும் வைத்து நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பத்து நாளாக வாயே திறக்கவில்லை. நேற்று என்னிடம் வந்து, "டீச்சர், உங்க செருப்பு கிழிஞ்சிருக்கு" என்றது. அது பேசிய முதல் வாக்கியம். கிழிந்த செருப்பை இன்னும் மாற்றவில்லை.

மாத்திரையை வேளை தவறாமல் போடு. கையை வீங்க விடாதே, கனமான வாளியைத் தூக்காதே. நடக்கும்போது காலில் மதமதப்பு குறைந்திருக்கிறதா? நகம் பழையபடி வளர்கிறதா? எல்லாவற்றையும் விவரமாக எழுது. மாமாவிடம் ரசத்தில் உப்பைக் குறைக்கச் சொல்.

உன் நலமே விரும்பும்
ஜோதி


ஸ்ரீரங்கம்
4.8.2024

அன்பு ஜோதிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை அவர் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். உனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லையே?

நேற்று ஆடிப்பெருக்கு. காவிரி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகிறது. அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் தாங்காது என்று அவர் தடுத்தார். கேட்காமல் விடியற்காலையிலேயே போய்விட்டேன். என் தலையைப் பார்த்து பூக்காரி, "நேர்த்திக்கடனாம்மா" என்றாள். ஆமாம் என்றேன். இப்போதுதான் அரை விரல் நீளம் முளைத்திருக்கிறது, அதுவும் சுருட்டையாக. நம் குடும்பத்தில் யாருக்கடி சுருட்டை முடி?

அதைவிடப் பெரிய விஷயம், இடது கையைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டேன். எட்டு மாதமாக மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போடுவது அவர் வேலையாக இருந்தது. பிழியாமல் அப்படியே மூட்டையாகப் போட்டுவிட்டு வருவார். புதன்கிழமை நானே மாடிக்குப் போய் ஒரு போர்வையை உதறி, இரண்டு கையாலும் பிடித்து, சுருக்கமில்லாமல் போட்டேன். போட்டுவிட்டு அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரத் துணி முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கீழே இறங்கி வரவே மனசில்லை.

முன்பெல்லாம் இவற்றை வேலை என்று நினைத்திருந்தேன், ஜோதி.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். டாக்டரிடம் உனக்கு எந்தச் சனிக்கிழமைக்குச் சொல்லட்டும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


பச்சைமலை
9.9.2024

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஒரு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு வகுப்பை நான்தான் பார்க்கிறேன். காலாண்டுத் தேர்வு வேறு வருகிறது. பள்ளிக்கூடத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் நோட்டுக் கட்டுகளைச் சுமந்தே பொழுது போகிறது. வலது தோளில் பையை மாட்டினால் வார் உறுத்துகிறது. அதனால் இடது பக்கம் மாற்றிக்கொண்டேன். இப்போது கோணலாக நடக்கிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நீ போர்வை காயப்போட்டதைப் படித்து சந்தோஷப்பட்டேன். இந்த மாதிரியே நிறைய எழுது. எனக்கு அது போதும்.

லீவில் வரப் பார்க்கிறேன்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
11.10.2024

ஜோதிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டால் நீ நலம் என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து நாலு நாளாகிவிட்டது. போன சனிக்கு முந்தின சனி துறையூர் பஸ்ஸில் வருவாய் என்று மாமாவின் போனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாய். காலை பத்து மணிக்கே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். துறையூர் பஸ் வரும்போதெல்லாம் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்ப்பேன். மூன்று மணி வரைக்கும் பார்த்தேன். டைம் கீப்பர் நாற்காலியை எடுத்துப் போட்டு, "யாரும்மா வரணும்" என்று கேட்டார். தங்கச்சி என்று சொன்னேன். உனக்காக வாழைப்பூ வடை பண்ணி வைத்திருந்தேன். அவர்தான் இரண்டு நாள் தின்றார்.

நீ வராததற்கு மழை என்று ஒரு மெசேஜ். அன்று மலையில் மழை இல்லை. துறையூரிலிருந்து வந்தவர்களைக் கேட்டுவிட்டேன்.

நான் முதல் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறேன். ஜங்ஷனில் அதே புக்கிங் கவுண்டர், அதே ஜன்னல். மணப்பாறைக்கு ஒரு டிக்கெட் என்று கையை நீட்டினவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்கு அவசரம். அது எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? ரிவியூவுக்கும் போய் வந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

இப்போது நேராகக் கேட்கிறேன். வார் எப்படி உறுத்தும்? நான் முப்பது வருஷமாகத் தோளில் பை மாட்டுகிறவள். தோளில் உறுத்துகிறதா, அதற்குக் கீழே, கக்கத்துப் பக்கம் உறுத்துகிறதா? ஜோதி, உனக்குக் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா?

இந்த ஒரு வரிக்குப் பதில் எழுது. மற்றது ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


ஸ்ரீரங்கம்
18.11.2024

ஜோதிம்மாவுக்கு,

மாமா அன்புச்செல்வன் எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாது. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அவள் தினமும் வாசலில் நின்று தபால்காரரைப் பார்க்கிறாள்.

நான் எழுதவந்த விஷயம் வேறு. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார்கள். பிரேமலதா ரிவியூவுக்கே வரவில்லையாம். செப்டம்பரில் ஒரு தேதி, அதை மாற்றி அக்டோபரில் ஒரு தேதி. இரண்டு நாளும் காலையில் பைலை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். மத்தியானம் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க என்றாள். நான் நம்பிவிட்டேன்.

இன்னும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. காலையில் எழுந்து காபி போட்டு, ரேடியோவைத் திருப்பிவிட்டு, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அது வேஷம் இல்லை என்றும் எனக்குத் தெரிகிறது. அதைக் கலைக்க மனம் வரவில்லை. ஆனால் நாள் போய்க்கொண்டிருக்கிறது.

நான் சொன்னால் சண்டையாகும். உன் சொல்லை அவள் கேட்பாள். நீ ஒரு வார்த்தை எழுதம்மா.

இப்படிக்கு
அன்புச்செல்வன்


பச்சைமலை
25.11.2024

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ ரிவியூவுக்குப் போகவில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அந்த மனுஷரோடு சண்டையும் போடாதே. 'எல்லாம் சரியாக இருக்கிறதாம்' என்று எழுதிவிட்டு, அதே காகிதத்தில் எனக்கு அதட்டல் வேறு. ரசமும் போர்வையும் எழுதி எழுதி என்னை நம்பவைத்தாயே. உன் கடிதம் வந்த அன்றெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ கேட்ட வரிக்குப் பதில். ஆமாம். வலது பக்கம், கக்கத்துக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் மாதம் குளிக்கும்போது கையில் பட்டது. அன்று உனக்குக் கடைசி கீமோவுக்கு முந்தின கீமோ. நீ வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறாய் என்று மாமா சொல்லியிருந்தார். அப்போது நான் உன் வீட்டுக்கு வந்து என்ன சொல்வேன்? அப்புறம் நீ தேறினாய். தேறினவளிடம் என்ன சொல்வேன்? வந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் வரவில்லை. அன்று சத்திரத்தில் நீ காத்திருந்தபோது நான் துறையூர் வரைக்கும் வந்தேன். அங்கிருந்து திரும்பிவிட்டேன்.

முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது. இப்போது அப்படி இல்லை.

அம்மாவைப் பற்றி நாம் பேசினதே கிடையாது. இப்போது எழுதிவிடுகிறேன். நான் பி.எட். சேர வேண்டிய வருஷம் அது. எட்டு மாதம் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். நீ பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஆரஞ்சுப் பழத்தோடு வருவாய். நீ வருகிற அன்று காலையில் அம்மாவுக்குக் கட்டு மாற்றி, ஊதுவத்தி ஏற்றி, புடவை கட்டி, தலை சீவி உட்காரவைப்பேன். அம்மாதான் அப்படிச் செய்யச் சொல்லும். நீ பார்த்தது அந்த அம்மாவை. நான் பார்த்தது மற்ற பதினான்கு நாளும் இருந்த அம்மாவை. அந்தப் புண்ணின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வா, அரை மணி நேர வேலை என்கிறாய். எனக்கு அது அரை மணி நேரம் இல்லை, அக்கா.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
2.12.2024

என் ஜோதிக்கு,

கடிதத்தை வேலையிலிருந்து வந்ததும் படித்தேன். அவரிடமும் கொடுத்தேன். சண்டை போடவில்லை.

நீ எழுதியதெல்லாம் உண்மை. அம்மா தலை சீவி உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு அம்மா பரவாயில்லை" என்று அவரிடம் சொல்வேன். ஊதுவத்தி எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. இருபத்துநாலு வருஷமாக உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிவியூ அன்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போனால் ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், ஒரு பேப்பர் கொடுப்பார்கள். காலையில் குடித்த காபி அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. இன்றைக்கு அந்தப் பேப்பர் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. திரும்பி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாம் தடவையும் அதே. உனக்கு எழுதின ஒவ்வொன்றும் நிஜம்தான். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தச் சந்தோஷம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்தேன்.

நீ தனியாகப் போகமாட்டாய். நானும் தனியாகப் போகமாட்டேன் என்பது தெரிந்துபோயிற்று. அதனால் டாக்டர் ஜீனத்திடம் பதினான்காம் தேதி சனிக்கிழமைக்கு இரண்டு டோக்கன் சொல்லியிருக்கிறேன், அடுத்தடுத்து. முந்தின நாளே இறங்கி வா. துறையூர் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். நீ அங்கிருந்து திரும்ப நினைத்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அக்கா


பச்சைமலை
16.12.2024

அக்காவுக்கு,

சுகமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? அந்த மழையில் நீ துறையூரில் நின்றிருப்பாய் என்று நினைத்து நினைத்து மனசு அடித்துக்கொண்டது. போன், கரண்ட் இரண்டும் இல்லை. மரவள்ளி ஏற்றுகிற வேன் ஓட்டும் சின்னையா நாளைக் காலை நடந்தே கீழே இறங்கி இதைத் துறையூரில் ஸ்பீடு போஸ்டில் போடுவார்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பையோடு ரோட்டில் போய் நின்றேன். இரண்டு மணி நேரம் நனைந்தேன். மலைப்பாதையில் மண் சரிந்து பாறை விழுந்திருக்கிறது, பஸ் வராது என்று பிரிட்டோ சார் வந்து சொன்னார்.

அக்கா, அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் பிள்ளைகளுக்கு வருமே, அப்படி. குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, சுடச்சுட டீ போட்டுக் குடித்து, போர்த்திக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் பிழைக்கப் போகிற வழியில் பாறை விழுந்திருக்கிறது, அதற்குப் போய் சந்தோஷப்படுகிறேன். கட்டியைத் தொட்ட அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

எழுந்து போய் பிரிட்டோ சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் தவிர இன்னொரு மனுஷரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "டீச்சர், லீவு லெட்டர் நான் எழுதட்டுமா, நீங்க எழுதுறீங்களா?"

நீ துறையூருக்கு வர வேண்டாம். வியாழக்கிழமை பாதை சரியானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, சரிவு வரைக்கும் நடந்து வந்து அந்தப் பக்கம் ஏதாவது வண்டி பிடித்துவிடுவேன். இரண்டு டோக்கனையும் வெள்ளிக்கு மாற்றி வை.

வருகிறேன்.
ஜோதி


பச்சைமலை
22.2.2025

அன்புத் தங்கைக்கு,

உன் குவார்ட்டர்ஸில், உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். உனக்கு வாய்ப்புண் ஆறிவிட்டதா? மாமா இளநீர் வாங்கித் தருகிறாரா?

சாவியும் மார்க் ரெஜிஸ்டரும் கொடுத்துவிட்டு ஒரே நாளில் திரும்பத்தான் வந்தேன். உனக்குப் பதிலாக வரவேண்டிய டீச்சர் திங்கட்கிழமைதான் வருகிறாராம். பிரிட்டோ சார் தயங்கித் தயங்கிக் கேட்டார், இருந்துவிட்டேன். உன் நாலாம் வகுப்புக்கு ரயிலைப் பற்றிப் பாடம் நடத்தினேன். வேறு எனக்கு என்ன தெரியும்? பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஜன்னலில் நான் உட்கார்ந்து, எல்லோருக்கும் டிக்கெட் எழுதிக் கொடுத்தேன். ஒருத்தி, "ஜோதி டீச்சர் இருக்கிற ஊருக்கு ஒண்ணு" என்றாள். கொடுத்தேன். வகுப்பு முழுக்க அதே ஊருக்குக் கேட்டது.

வீட்டில் உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இங்கிருந்து எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை உன் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். கதவு மூடினதும் எனக்கு வந்த முதல் யோசனை, எழுந்து ஓடிவிடலாம் என்பதுதான். உன் செருப்பு வெளியே கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நீ வெளியே வந்து செருப்பைத் தேடினாய், நான் கீழே வைத்தேன். அதற்கப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள், போனேன்.

பத்து நாள் கழித்து இரண்டு பேப்பரும் ஒன்றாக வந்தன. என்னுடையதில் ஒன்றும் இல்லை. உன்னுடையதில் இருந்தது. இரண்டாம் நிலை, முழுக்க எடுத்துவிடலாம், கீமோ கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த நல்ல சேதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தேன். நீதான் அதைப் பிடுங்கிப் பிரித்து, படித்துவிட்டுச் சிரித்தாய். "அக்கா, நீ பாஸ்" என்றாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. எப்படி உன்னால் சிரிக்க முடிந்தது?

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகிறது. இன்று வரை நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் பார்க்கிறேன். நான் வரும் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாய். அம்மா எனக்குச் செய்ததையே நீயும் எனக்குச் செய்கிறாய். வேண்டாம், ஜோதி.

புதன்கிழமை உனக்கு இரண்டாவது கீமோ. செவ்வாய் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். இந்தக் கடிதத்தைச் சின்னையா நேரே வீட்டில் கொடுப்பார். அவர் திரும்பி வரும்போது பதில் கொடுத்தனுப்பு.

அக்கா


ஸ்ரீரங்கம்
24.2.2025

அக்கா,

சின்னையா வாசலில் நிற்கிறார். மாமா அவருக்கு மோர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுத வேண்டும்.

வாய்ப்புண் ஆறிவிட்டது. மாமா தினமும் இரண்டு இளநீர் வாங்குகிறார், ஒன்று அவருக்கு.

நீ திட்டுவாய், இருந்தாலும் சொல்கிறேன். இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். போகும்போது ஆட்டோ. வரும்போது சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் காலியாக நின்றது, ஏறிவிட்டேன். தலையில் ஸ்கார்ஃப், மூக்கில் மாஸ்க். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு அம்மா ஏறி வந்து, "இங்க துண்டு போட்டிருந்தேனே, கண்ணு தெரியலையா?" என்றாள். துண்டு கீழே விழுந்து கிடந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவளும் விடவில்லை. காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் சண்டை. அவள் என்னைத் திமிர் பிடித்தவள் என்றாள். நான் அவளைப் பஸ்ஸை விலைக்கு வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். கண்டக்டர் வந்து இரண்டு பேரையும் அதட்டினார்.

அக்கா, இரண்டு மாதமாக எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். அந்த அம்மா ஒருத்திதான் தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். தையல் போட்ட இடம் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்தேன். டாக்டர் ரூமில் எப்படிச் சிரித்தேன் என்று கேட்டிருக்கிறாய். உன் பேப்பரைப் படித்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. என்னுடையதைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

முதல் கீமோ எப்படி இருக்கும் என்று தெரியாமல் போனேன். இப்போது தெரியும். புதன்கிழமை வராமலே போனால் தேவலை என்றிருக்கிறது. இந்த வரியை மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன், நீயே பார்க்கலாம். அம்மாவிடம் நான் என் பயத்தைக் காட்டியது இல்லை. உன்னிடமும் காட்டியது இல்லை. பயப்பட எனக்கு ஆள் இல்லை என்றே இருந்துவிட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் வேண்டாம். பிள்ளைகளைப் பிரிட்டோ சார் பார்த்துக்கொள்வார். சின்னையா வேன் நாளைக் காலையில் இறங்கும்போதே ஏறி வந்துவிடு.

எனக்குப் பயமாயிருக்கு, அக்கா.

ஜோதி